குடல் மேஜைக்காரி

லோரீன் வாவ்ராவுக்குப் பன்றியின் வயிறு புதிதல்ல. நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் பாதிப் பேருக்குப் பிழைப்பே இறைச்சி ஆலைதான். அங்கே அவள் நிற்பது குடல் மேஜையில். சங்கிலியில் தலைகீழாகத் தொங்கி வரும் பன்றியின் பிளந்த வயிற்றுக்குள் கை விட்டு, மொத்தக் குடலையும் ஒரே இழுப்பில் மேஜையில் சரிக்க வேண்டும். சங்கிலி யாருக்காகவும் நிற்காது. மணிக்கட்டு போய்விட்டது; தோள்பட்டை போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான் நாற்பத்தாறு வயதில் நர்சிங் படிப்பு. இன்றைய உடற்கூறு செய்முறைத் தேர்வில் தேறினால் கோடையில் ஆஸ்பத்திரிப் பயிற்சி, ஆலைக்கு ஒரு கும்பிடு. தேறாவிட்டால் மறுபடி செப்டம்பரில்தான்.

ஷிப்ட் முடிந்த கையோடு கல்லூரிக்கு ஓடி வந்திருந்தாள். தட்டில் கண் திறக்காத பன்றிக் கரு, ஒரு ஜாண் நீளம், நாக்கு நுனி வெளியே. முலைக்காம்பை வைத்துப் பெண் என்று சொல்லி ஏமாறவில்லை, அது ஆணுக்கும் உண்டு. வாலைத் தூக்கிப் பார்த்துத்தான் ஆணா பெண்ணா என்று சொன்னாள். தொப்புள்கொடியின் வெட்டுவாயில் மூன்று இரத்தக் குழாய்களையும் காட்டினாள்.

"பிரமாதம்," என்றார் ஆசிரியர் நீல்சன். "இப்ப வயித்தைத் திறங்க. எதையும் இடம் மாத்தாம, ஒண்ணொண்ணா தொட்டுப் பேர் சொல்லுங்க."

திறந்தாள். கல்லீரல் என்றாள், அதன் அடியில் பித்தப்பை என்றாள். கண் சொருகியது. அவ்வளவுதான், கை தன் வேலையைப் பார்த்துவிட்டது. இரைப்பை, மண்ணீரல், குடல் எல்லாம் தட்டில் ஒரே குவியல். ஒரு கீறல்கூட இல்லை.

"அடேயப்பா! கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள காலி பண்ணிட்டீங்களே!" என்றாள் பக்கத்து மேஜை கெய்லா.

"கை தானா போயிடுச்சு சார். திரும்ப வெச்சுக் காட்டட்டுமா?"

இரைப்பையை இடப்பக்கம் வைத்தாள். சுருண்ட பெருங்குடல் எங்கே உட்கார வேண்டும் என்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அதை உள்ளே விட்டுப் பார்த்ததே இல்லை.

"உள்ள இருக்கும்போது காட்டினாதான் மார்க், லோரீன்," என்றார் அவர் சங்கடத்துடன். "வேற கருவும் கையில இல்ல. செப்டம்பர்ல வாங்க."

அழுகை வந்தது. அழவும் தெம்பில்லை.

மறுநாள் காலை அவள் மேஜையில் ஒரு சினைப்பன்றியின் கருப்பை விழுந்தது. குட்டிகளைக் கல்லூரிகளுக்குப் போகும் நீலப் பீப்பாயில் போடுவது அவள் வேலைதான். எப்போதும் பாராமல் வீசுவாள். இன்று ஒன்றைக் கையில் எடுத்து வாலைத் தூக்கிப் பார்த்தாள். பெண்.

"என்ன லோரீன், பேரு வெக்கிறியா?" என்று கத்தினான் மேஸ்திரி.

"இல்லப்பா. செப்டம்பர்ல பாக்கலாம்னு சொல்லிட்டிருக்கேன்."

குட்டியைப் பீப்பாயில் மெல்லக் கிடத்தினாள். நிமிர்வதற்குள் அடுத்த பன்றி வந்துவிட்டது. கை உள்ளே போனது.