பழைய பிக்கப்

ஆடித்தபசுக் கச்சேரியில் சீரியல் விளக்குகள் எரிந்ததும் ஞானதுரையின் கிட்டார் வண்டு போல இரைந்தது. பக்கத்தில் வாசித்த லிங்கேஷின் கிட்டார் இரையவில்லை. கம்பிகளின் அதிர்வை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் அதில் இரட்டைச் சுருள் கொண்டது; இரைச்சலை அதுவே அடக்கிவிடும். கம்பியை அவன் தொட்டாலே மேடை அதிர்ந்தது, விசிலெல்லாம் அவனுக்குத்தான். பாத்திரக்கடை ஞானதுரைக்கு வயிறு எரிந்தது.

மறுவாரமே தன் கிட்டாரின் ஒற்றைச் சுருள் பிக்கப்பைக் கழற்றிவிட்டு, லிங்கேஷுடையதைப் போலவே ஒன்றைப் பொருத்தினார். இரைச்சல் நின்றது. ஞாயிறு ஆராதனையில் கீபோர்டோடு சேர்ந்து நெஞ்சை நிமிர்த்தி வாசித்தார்.

வெளியே வந்ததும் மனைவி ஜாய்ஸ், "இன்னைக்கு நீங்க வாசிக்கலியா?" என்றாள்.

"வாசிச்சேன்ட்டி."

"அப்போ கீபோர்டுக்குள்ள போய் ஒளிஞ்சிக்கிட்டியளோ?"

லிங்கேஷின் கையில் அதிர்ந்தது தன் கையில் ஏன் அமுங்கிப்போனது என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் லிங்கேஷ் கடைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, பிக்கப் மாத்திட்டியளாமே? பழச எனக்குத் தாங்களேன். அதுல கேக்க ஒங்க மணிச்சத்தம் என் கிட்டார்ல வரவே மாட்டேங்கு."

ஞானதுரை தூக்குவாளியைத் துடைத்துக்கொண்டே, "அதத் தூக்கிப் போட்டுட்டேம்ல" என்றார்.

"அய்யய்யோ! எங்கன?"

"குப்பை வண்டியில."

லிங்கேஷின் முகம் விழுந்ததை அவர் ஆசைதீரப் பார்த்தார்.

அவன் தெரு திரும்பியதும் கல்லாவுக்குப் பின்னாலிருந்து பழைய பிக்கப்பை எடுத்தார். அடுத்த கச்சேரியில் தான் முதல் கம்பியைத் தொட்டதுமே குப்பை வண்டிப் பொய் அவனுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும் என்று, அதைத் திரும்பப் பற்றவைக்க சோல்டரிங் கோலைச் சூடாக்கினார்.