கம்பி மேலே வர வேண்டும் என்று சொன்ன அண்ணன்

கொள்ளேகாலில் பிறந்து, சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்து, மைசூரில் உறவினர் தயவில் படம் வரையக் கற்று, கட்டிட அலுவலகம் ஒன்றில் கடைசிவரை டிராப்ட்ஸ்மனாகவே இருந்த எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. சாந்தமானவர் என்று எழுதச் சொன்னார்கள் வீட்டில். அவர் சாந்தமானவர்தான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

ஆர்க்கிடெக்ட் கட்டிடத்தின் அழகை நினைப்பார். என்ஜினீயர் அது நிற்குமா என்று கணக்குப் போடுவார். டிராப்ட்ஸ்மன் கோடு போடுவார். சட்டம் அப்படி. அந்த அலுவலகத்தில் கோட்டோடு கணக்கையும் அண்ணனே போட்டார். கையெழுத்து மட்டும் மேலிருந்து வந்தது.

சுதந்திரம் வந்த புதிதில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி எழும்பியது. நான் அங்கே காண்டிராக்டரின் மேற்பார்வையாள். வாசலில் தூணில்லாமல் ஆறடி நீளும் தளம். அண்ணனின் படத்தில் கம்பி தளத்தின் மேல்பக்கம் இருந்தது. புதிதாக வந்த பட்டதாரி என்ஜினீயர், மற்றத் தளங்களைப் போலக் கீழ்ப்பக்கமே கட்டச் சொன்னார், கட்டினோம். காங்கிரீட் போட வேண்டிய மறுநாள் காலை இட்லி தின்றபடி இதை நான் வேடிக்கையாகச் சொல்ல, அண்ணன் பாதித் தட்டில் எழுந்து சைக்கிளை எடுத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிய கம்பிகள்மேல் நின்றுகொண்டிருந்தார்.

"அடியில தாங்கற முட்டு எடுத்தா மேல்பக்கம் வெடிச்சு முறிஞ்சு விழுந்துருமுங்க சார். கம்பி மேல வரோணும்."

"நீ கோடு போடறவன். கணக்குச் சொல்ல உனக்கு யார் பட்டம் குடுத்தது?"

"யாரும் குடுக்கலீங்க. அது கம்பிக்குத் தெரியாதுங்களே."

நான் மேலே ஏறி அவர் கையைப் பிடித்தேன். "அண்ணா, எறங்குங்க. ரெண்டு பேர் வேலையும் போயிரும்."

கீழேயிருந்து மேஸ்திரி என்னைப் பார்த்து, "சாமி, நீங்க எறங்கி நின்னு நடுங்குங்க, பலகை ஆடுது" என்றார்.

"நீ போயி நெழல்ல உக்காருடா தம்பி" என்றார் அண்ணன். போய் உட்கார்ந்தேன்.

மேஸ்திரி காங்கிரீட் கலக்கவே இல்லை. மதியம் பெரிய என்ஜினீயர் வந்து படத்தைப் பார்த்தார். கம்பியை மாற்றச் சொன்னார். திறப்புவிழாக் கல்லில் ஆர்க்கிடெக்ட் பெயரும் அந்தப் பட்டதாரியின் பெயரும் ஏறின. அண்ணனுக்கு, இருக்கையை விட்டு அனுமதியின்றிப் போனதற்கு மெமோ வந்தது. பதவி உயர்வு கேட்ட போதெல்லாம், பட்டமில்லை என்றே பதில்.

மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோன மூன்றாம் நாள், அதே பட்டதாரி துக்கம் விசாரிக்க வந்தார். "உங்க அண்ணன் நல்லா டிரேஸ் எடுப்பாரு" என்றார், யாரோ போட்ட படத்தை நகலெடுத்தவர் போல. நான் கைகட்டி, "ஆமாங்க சார்" என்றேன்.

இறுதி நாட்களில் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸம்மாக்களுக்கும், அன்று கையைக் கட்டி நின்ற மேஸ்திரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் சொன்ன அந்த 'ஆமாங்க'வை இங்கே திரும்பப் பெறுகிறேன். என் கையெழுத்திட்டு அந்தப் பட்டதாரிக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். தபாலில்தான், நேரில் கொடுக்கக் கால் வரவில்லை.