தட்டுவது யார்?

அக்காவுக்கு வேலை கண்ணாடிக் கடையில். லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் கிட்டார். துதிப் பாட்டுக்குள் டிரம்ஸையும் மவுத் ஆர்கனையும் கொண்டுவந்துவிட்டதால் பெரியவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘இடிமுழக்கம்’. அந்த இடிமுழக்கம் சொந்தமாகப் பாட்டெழுதி ஒரு ஆல்பம் பதிவு செய்தது. நான் பேஸ் கிட்டார் வாசித்தேன். பேசாமல் இருக்க வசதியான வாத்தியம்.

ஸ்டுடியோ ஒரு மெத்தைக் கடைக்கு மேலே. சுவரெல்லாம் கடையில் மிஞ்சிய ஸ்பாஞ்சு. கீழே வேன் ரிவர்ஸ் எடுத்தால், பதிவு செய்கிற சவுண்ட் அண்ணன் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்குவார். அது போகும்வரை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

கடைசியில் ஒரே ஒரு பாட்டு மட்டும் முடிவாகாமல் நின்றது. பாடியாகிவிட்டது, அப்பா இன்னும் கேட்கவில்லை.

கர்த்தர் வாசலில் நின்று தட்டுகிறார் என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் தட்டியது அப்பா, குடித்துவிட்டு. ‘தட்டுவது நீரா, அவரா, யாருக்குத் திறப்பேன்?’ இதுதான் பாட்டு. அப்பா குடியை விட்டு வருஷக்கணக்காகிறது. இப்போது சபையில் நாற்காலி போடுவதும் அடுக்குவதும் அவர்தான்.

“அப்பா வேணாம்னா இத அழிச்சிடுங்கண்ணே,” என்றாள் அக்கா.

“இருக்கறதுலயே உசிருள்ள பாட்டும்மா இது.”

“இருக்கட்டும். அவரு சபைக்குத் தலைகுனிஞ்சு வர்றதுக்கு நான் ஒரு பாட்டு போடணுமா?”

அப்பா தேய்த்த சட்டையில் வந்தார். சுழல்நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டு அக்கா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதில் தூசியே இல்லை. பாட்டு முடியும்வரை துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஹெட்போனைக் கழற்றாததால் அப்பா கத்தித்தான் பேசினார்.

“தட்டினேன்னு எழுதியிருக்க! பொய் எதுக்கு? உதைச்சேன்ல?”

“எல்லாரும் கேப்பாங்கப்பா.”

“கேக்கட்டுமே. நாற்காலி தூக்குறவன் யாருன்னு தெரியட்டும். தாழ்ப்பாள் ரெண்டு தடவ மாத்தினோமே, அதப் போட்டியா?”

“பாட்டுப்பா இது. தச்சு வேல பில்லு இல்ல.”

அப்பாதான் முதலில் சிரித்தார். வேன் போனபிறகு விடுகிற மூச்சை நான் விட்டேன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அங்கேயே அந்த வரியை மாற்றினாள்.

சவுண்ட் அண்ணன் மைக்கைக் கதவோரம் நகர்த்தினார். “ஆரம்பத்துல தட்டுற சத்தம் ஒண்ணு வேணும். ஐயா, நீங்களே குடுத்துடுங்க.”

“தட்டவா, உதைக்கவா?”

“வாடகைக் கதவுய்யா. தட்டினா போதும்.”

அப்பா வெளியே போனார். கதவைச் சாத்தினோம். முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்தவர்போல மெதுவாகத் தட்டினார். அடுத்து அக்கா பாட வேண்டும். பாடவில்லை. கழுத்தில் கிட்டாரோடு எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

“என்னம்மா, தப்பாப் பண்ணிட்டேனா?”

“இல்லப்பா. உள்ள வாங்க.”

ஆல்பத்தில் அதை வெட்டவில்லை. கிட்டார் வயர் தரையில் இழுபடுவது கேட்கும். கொஞ்சம் கவனித்தால், கீழே வேன் ரிவர்ஸ் எடுப்பதும். அன்றைக்கு மட்டும் சவுண்ட் அண்ணன் கையைத் தூக்கவில்லை.