கோரேஸ் ராஜா ஈயம் பூசிய பாத்திரங்கள்

ராயப்பேட்டை கலீமுல்லா பாய், மயிலாப்பூர்ப் பாத்திரக்கடை மாணிக்கவாசகத்துக்குப் பதினாலு ரூபாய் கடன்பட்டிருந்தார். நேற்று வாங்கிய கடன் இல்லை. நாற்பத்திரண்டில் மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ஈயம் வெள்ளி விலைக்கு ஏறியது. அப்போது வாங்கிய ஒரு கட்டியின் பாக்கி. நாற்பத்தாறு டிசம்பர் பிறந்தும் தீரவில்லை.

"கிறிஸ்மஸ் வரிக்கும் பார்ப்பேன் பாய்," என்றார் மாணிக்கவாசகம். "அப்பால உன் துருத்தி என் கடையில தொங்கும்."

துருத்தி போனால் நெருப்பு ஏது? நெருப்பு இல்லாமல் எந்தக் கொம்பன் ஈயம் பூசுவான்?

வேலையில் அவரை அடிக்க ஆள் கிடையாது, அதைச் சொல்லிவிட வேண்டும். அவர் பூசிய அண்டாவில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துப் படியை மிதித்தவர் இல்லை. வாத்தியார் பிரம்பை வைத்துச் சொல்லித் தருகிற எழுத்தை, அவருக்கு அண்டாவும் குண்டானும் சொல்லித் தந்தன. பாத்திரத்தின் விளிம்பில் வெட்டியிருக்கும் சொந்தக்காரர் பெயரைத் தடவித் தடவியே தமிழ் படித்தார். வேலை முடிந்தால் அவருக்கு ஒரு முறை உண்டு. பெயரை உரக்கப் படிப்பார், பாத்திரத்தைச் சுண்டி ஒரு தட்டு, கூலி இவ்வளவு என்று சொல்லிக் கையை நீட்டுவார். "அடுத்த வாரம் வாங்கிக்க பாய்" என்பார்கள். தலையாட்டிவிட்டு வருவார். எந்த வீட்டில் எத்தனை அணா என்று ஒரு நோட்டிலும் எழுதியதில்லை. எல்லாம் தலையிலேயே இருந்தது.

அந்த வாரம்தான் சாந்தோம் போகிற வழியில் இருந்த சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஞானமுத்து அவரைத் தேடி வந்தார்.

"பாய், கிறிஸ்மஸ் அன்னிக்கு சாயங்காலம் நாடகம் போடறோம். நீங்க ராஜாவா நிக்கணும்."

"இன்னா உபதேசியாரே, உங்க கோயில்ல தாடிக்காரன் யாரும் இல்லியா?"

"தாடிக்காக மட்டும் இல்ல. நேபுகாத்நேச்சார்னு ஒரு ராஜா எருசலேமைப் பிடிச்சு, யூத ஜனங்களைச் சிறையாக்கி, கோயில் பாத்திரத்தையெல்லாம் பாபிலோனுக்கு அள்ளிக்கிட்டுப் போயிட்டான். அப்புறம் பாரசீக ராஜா கோரேஸ் வந்து பாபிலோனையே பிடிச்சார். பிடிச்ச கையோட, உங்க ஊருக்குப் போங்க, கோயிலைக் கட்டுங்கன்னு ஜனங்களை அனுப்பினார். பாத்திரத்தையும் ஒண்ணொண்ணா எண்ணிக் கொடுத்தார். மொத்தம் ஐயாயிரத்து நானூறு."

"ஜெயிச்சவன் பாத்திரத்தைத் திருப்பிக் குடுத்தானா?" பாய்க்கு நம்ப முடியவில்லை. "அவுரு உங்க ஆளா?"

"இல்ல, வேற மதம். கர்த்தரை அவருக்குத் தெரியாது, ஆனா கர்த்தர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அதனாலதான் உங்களைக் கேக்கறேன். அஞ்சு ரூபா தர்றோம்."

அஞ்சு வந்தாலும் இன்னும் ஒன்பது துண்டு விழும். இருந்தாலும் பாய் மார்பை நிமிர்த்திக்கொண்டு சரி என்றார். பாபிலோனைப் பிடித்தவர் வேஷத்தை யார் வேண்டாம் என்பார்கள்? மனைவி குல்சும் ஜரிகை போட்ட தன் கல்யாணத் துப்பட்டாவைத் தலைப்பாகைக்குக் கொடுத்தாள்.

எருசலேம் பாத்திரத்துக்கு எங்கே போவது? உபதேசியார் அக்கம்பக்கத்தில் வீடு வீடாகக் கேட்டு முப்பது பாத்திரம் இரவல் வாங்கி வந்தார். கொடுத்தவர்கள் எல்லோரும் நாடகத்துக்கு வந்துவிட்டார்கள். பாதி பேர் கோரேஸைப் பார்க்க, பாதி பேர் தங்கள் பாத்திரத்தைப் பார்க்க. மாணிக்கவாசகம் முன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் நாலரை மணிக்குக் கோயில் கொட்டகை மேடையில் ராஜா வந்தார். யூதர்களின் தலைவனாக உபதேசியாரே வேஷம் கட்டிக் கை நீட்டி நின்றார். பாத்திரங்களை எண்ணிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பாய் முதல் அண்டாவைத் தூக்கினார். விரல் தானாக விளிம்பைத் தடவியது. இருபது வருஷப் பழக்கம் சும்மா விடுமா?

"பேச்சியம்மாள்," என்று உரக்கப் படித்தார். சுண்டி ஒரு தட்டுத் தட்டினார். "அண்டா. ஆறணா பாக்கி." கையை நீட்டினார்.

மீன் விற்கும் பேச்சியம்மாள் எழுந்து நின்றாள்.

"இன்னா பாய், ராஜா ஆனப்புறமும் என் ஆறணா மேலதான் கண்ணா?"

செய்த தப்பு அப்போதுதான் பாய்க்கு உறைத்தது. ஆனால் தலையில் ராஜா தலைப்பாகை இருக்கும்போது பின்வாங்க முடியுமா?

"பாபிலோனையே புடிச்சவன் நானு, ஆறணாவை வுட்டுடுவேனா?"

கொட்டகை குலுங்கியது. பேச்சியம்மாள் சிரித்துக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து, மேடையேறி ஆறணாவை வைத்துவிட்டு அண்டாவை இடுப்பில் வாங்கிக்கொண்டாள்.

"பாய், கோரேஸ் ராஜா கூலி கேக்கலையே," என்று உபதேசியார் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"அவுரு சும்மா குடுத்தாரு. இத்துக்கு ஈயம் பூசுனது நானாச்சே."

அதற்குள் கூட்டமே பெயர் கேட்க ஆரம்பித்துவிட்டது. "விஜயலக்ஷ்மி. அடுக்கு. எட்டணா." குமாஸ்தா வீட்டு விஜயலக்ஷ்மி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தாள். "எங்காத்துக்காரர் அப்பவே குடுத்துட்டார்னு நெனைச்சுண்டிருந்தேன்," என்று வெட்கத்தோடு கொடுத்தாள். "ரத்னா. சொம்பு. ரெண்டணா." "என் குண்டானைக் கூப்பிடு பாய், நான் சீக்கிரம் போவணும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். உபதேசியாரும் கடைசியில் சிரிப்பை அடக்க முடியாமல், பாத்திரங்களைத் தானே எடுத்து எடுத்து ராஜா கையில் கொடுத்தார். எருசலேமுக்குப் போக ஒரு சொம்புகூட மிஞ்சவில்லை. எடுத்ததெல்லாம் உடையவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. கோரேஸ் செய்ததும் அதுதானே என்று உபதேசியார் ஜெபம் சொல்லி முடித்தார்.

மடியில் ஒன்பது ரூபாய் ஆறணா. உபதேசியார் கொடுத்த அஞ்சு ரூபாயும் சேர்ந்தது. பாய் தலைப்பாகையைக்கூட அவிழ்க்காமல் நேராக முன் பெஞ்சுக்கு நடந்தார்.

"கையை நீட்டு முதலாளி."

"எல்லாம் சில்லறையா கீதே பாய்."

"ராஜா குடுக்கறதை எண்ணி வாங்கு."

மாணிக்கவாசகம் சிரித்துக்கொண்டே காலைக் கீழே இறக்கி, கையை விரித்தார். பாய் கூட்டம் பார்க்க, ஒவ்வொரு காசாகச் சுண்டிப் பார்த்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி வைத்தார். பதினாலாவது ரூபாய்க்குப் பதினாறு ஓரணாக் காசு. பதினாறாவதையும் அந்த உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.