சரிபார்க்க ஆளில்லாத கணக்கு

சிறியது என்று ஒரு சமன்பாட்டில் நான் விட்டுவிட்ட உறுப்பை விட்டிருக்கலாமா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்து சொல்ல வேண்டியவர், இயற்பியல் துறையில் என்னோடு பணியாற்றிய நஞ்சப்பன் சார். திங்கள் காலை ஓசூரில் கல்லூரிப் பேருந்துக்காக நின்றிருந்தபோது அவர் மனைவி அழைத்தார். "மேடம், சார் இன்னிக்கி பஸ்ஸுக்கு வரமாட்டாருங்க." காய்ச்சலா என்று கேட்டேன். அழுகைதான் கேட்டது. அவர் தம்பி ஃபோனை வாங்கி, சொந்த ஊரான கல்லாவியில் நெஞ்சுவலி வந்ததையும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதையும் சொன்னார்.

இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும், அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய வகுப்புகள் நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது அந்தப் பேருந்து. இரண்டு ஆடிகளுக்கு நடுவே அடைபட்ட ஒளி, அதில் ஓர் அணு. இவை தமக்குள் ஆற்றலைக் கொடுத்து வாங்குவதைப் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கணக்கிட்டோம். வீட்டில் தனித்தனியாகப் போடுவோம். ஒருவர் தாளை மற்றவர் பார்ப்பதில்லை. சூளகிரி தாண்டியதும் விடையை மட்டும் சொல்வோம். ஒத்துவராத நாள்களில் ஓட்டுநர் மஞ்சு திரும்பாமலே, "கிருஷ்ணகிரிக்குள்ள சமாதானம் ஆயிடுங்க சாமி, பின்னாடி பிள்ளைங்க பயப்படறாங்க" என்பார்.

கடைசிச் சண்டை அந்த உறுப்பைப் பற்றியது. அது மிக வேகமாக அலைவதால் சராசரியில் அழிந்துவிடும், எல்லோரும் விடுவதுதான் என்றேன்.

"எல்லாரும்தான் ஹெல்மெட் போடாம ஹைவேல போறாங்க" என்றார். "சின்னதுதான், சரி. எவ்ளோ சின்னதுன்னு பாத்துட்டு விடுங்க மேடம். ஊருக்குப் போறேன், ஞாயித்துக்கிழமை உக்காந்து போட்டுட்டு வரேன்."

அவர் சந்தேகம் சரியென்றால் நாங்கள் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை முழுவதும் தவறு.

அன்றே கல்லாவிக்குப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்து பூரா சொந்தத்துல கல்யாணமுங்க. உக்கார நேரமே இல்ல. மேடம் கேப்பாங்க, மேடம் கேப்பாங்கன்னு சொல்லிட்டே இருந்தாரு."

சாவை உவமையாக்கிப் பேச எனக்கு வராது, அவருக்கும் பிடிக்காது. விடுவதை எவ்வளவு என்று பார்க்காமல் விடக்கூடாது என்ற அவருடைய பிடிவாதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் நடந்தது இது. விடியுமுன் எழுந்து, அந்த உறுப்பை விடாமல், அவர் போடும் முறையில் கணக்கை முழுவதும் போட்டேன். என் பழைய விடையோடு ஒத்துவந்தது. பேருந்து சூளகிரியைத் தாண்டியது. இரண்டு தாள்களையும் மடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் என் கையெழுத்து. இதைச் சரிபார்ப்பு என்று சார் ஒப்புக்கொள்ளமாட்டார்.