அண்ணனின் நீலச் சக்கரம்

வானம் என்ன நிறம் என்று கேட்டால் நாமெல்லாம் நிமிர்ந்து பார்த்துச் சொல்லிவிடுவோம். என் அண்ணன் அப்படிச் சொல்ல மாட்டார். முதலில் தொண்டையைக் கனைப்பார். பிறகு ஆணியில் தொங்கும் அட்டைச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போவார். ஒரு கண்ணை மூடி, சக்கரத்தை வானத்துக்கு நேரே பிடித்து, ஊருக்கே கேட்கிற மாதிரி "ஏழாவது கட்டம்!" என்பார். என் கல்யாணம் அந்தச் சக்கரத்தின் கையில் போய் மாட்டிக்கொண்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அண்ணன் கடல் தாண்டி ஈப்போவில் படம் பிடிக்கும் கடை ஒன்று வைத்திருந்தார். அப்பா அம்மா இல்லாத நான் அவரோடு இருந்து சமைத்தேன், துணி துவைத்தேன், இருட்டறையில் படம் பதியும் கண்ணாடித் தட்டுகளைக் கழுவினேன். கூரையில் ஒரு பக்கம் ஓட்டைப் பிரித்துவிட்டுக் கண்ணாடி பதித்திருந்தார். வெளிச்சம் வானத்திலிருந்துதான் வரவேண்டும். பின்னால் தொங்கிய துணியில் ஒரு பளிங்குப் படிக்கட்டு, ஒரு குளம், ஓர் அன்னம். ஆணியில் ஒரு கோட்டு, ஒரு கழுத்துப்பட்டி. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவரானாலும் கடை வைத்தவரானாலும் அந்தக் கோட்டில்தான் நுழைவார்கள். ஈப்போத் தமிழர்களில் பாதிப் பேர் அந்த ஒரே கோட்டோடுதான் ஊரில் இருந்த உறவுக்காரர்களிடம் படமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அண்ணனின் தொல்லை வெளிச்சம். படப்பெட்டியின் மூடியை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பது அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒருவர் பேயாக வெளுத்து வருவார், அடுத்தவர் கரியாக வருவார். கேட்டால் பழி வானத்தின் மேல். அப்போதுதான் நாயோடு படம் எடுத்துக்கொள்ள வந்த ஒரு வெள்ளைக்காரர், சீமையில் யாரோ நீல அட்டைகளைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி வானத்தின் நீலத்தை அளந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணனுக்கு ஆங்கிலம் பாதி புரியும். மீதியை அவரே எழுதிக்கொள்வார்.

மறுநாள் சீனன் கடையிலிருந்து துணிக்குப் போடும் நீலம் வந்தது. வீட்டிலிருந்த குவளைகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, முதல் குவளையில் ஒரு சிட்டிகை, அடுத்ததில் கொஞ்சம் கூட, அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் என்று கரைத்தார். கோந்து கலந்து காகிதத்தில் பூசி வெயிலில் வைத்தார். மழை வந்து எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கியது. மறுபடி கரைத்தார். நாங்கள் தேங்காய்ச் சிரட்டையில் காப்பி குடித்தோம். கடைசியில் காகிதத்தை வெட்டி வட்ட அட்டையில் வெள்ளையில் தொடங்கி மையிருட்டு நீலம்வரை சுற்றி ஒட்டினார். வானத்தைப் பார்க்க நடுவில் ஒரு துளை போட்டார். எந்த நீலத்துக்கு எவ்வளவு நேரம் மூடியைத் திறப்பது என்று பக்கத்திலேயே எழுதினார். அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டால் கோபம் வரும்.

எங்கள் ஊர் வானம் பாதி நாள் அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில்தான் இருக்கும். அதற்கு அவர் கட்டம் போடவே இல்லை. அந்த மாதிரி நாளில் வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

அந்தச் சமயத்தில்தான் தாப்பாப் பக்கத்து ரயில் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவர் படம் எடுக்க வந்தார். கோட்டை மாட்டிக்கொண்டு பளிங்குப் படிக்கட்டை வெறித்துப் பார்த்தார். "ஏறிடாதீங்க, துணி கிழிஞ்சிரும்" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். என் பேச்சுக்கு அதுவரை யாரும் சிரித்ததில்லை, திட்டித்தான் இருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போனது. இந்த ஆளையே கட்டிக்கொண்டு போனால் என்ன என்று தட்டு கழுவும்போதெல்லாம் நினைத்தேன். பத்து காஜா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்த என் அத்தை எதையும் மோப்பம் பிடித்துவிடுவாள். அவளே தூது போனாள். அவருடைய தாயார் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"பொண்ணு கறுப்பா செவப்பா? படம் அனுப்பச் சொல்லு. பாத்துட்டுச் சொல்றேன்."

நான் கறுப்பு. அந்த மனிதரும் கறுப்புதான், என்னைவிட ஒரு பிடி கூடவே. ஆனால் அவர் படம் கேட்டு எங்கள் வீட்டில் யாரும் எழுதவில்லை.

படம் எடுக்கிற நாளில் அத்தை விடியற்காலையிலேயே வந்து என்னைப் பிடித்து உட்காரவைத்து, முகம் கழுத்தெல்லாம் அரைத்த மஞ்சளையும் சந்தனத்தையும் அப்பினாள்.

"இது எதுக்கு அத்தே?"

"கல்யாணப் பொண்ணு மொகத்துல மஞ்ச இல்லாம படம் எடுப்பாங்களா? அபசகுனம்லா. மஞ்ச பூசுனா தங்கமாட்டம் தெரிவே. சும்மா இரு."

பேருக்குத்தான் கழுவவிட்டாள். என்னிடமிருந்த ஒரே பட்டு, நீலப் பட்டு. அதைக் கட்டிக்கொண்டு அன்னத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். அண்ணன் சக்கரத்தோடு வெளியே ஓடிப் போய்த் திரும்பி வந்தார்.

"எட்டாவது கட்டம்! இப்படி ஒரு வானம் இனிமே வராது. அசையாதே!"

படம் வந்தது. அத்தை அதைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு புள்ள இது? பின்னால இருக்கிற அன்னம் மட்டும் நல்லா வெளுப்பா இருக்கு."

முகம் அடிப்பிடித்த சட்டியாக இருந்தது. நீலப் பட்டு வெள்ளைச் சேலையாக மாறியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே தாலி அறுத்தவளாக உட்கார்ந்திருந்தேன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "வானம் ஏமாத்திருச்சு" என்றார் அண்ணன். "மஞ்ச பத்தல" என்றாள் அத்தை. மறுபடி எடுத்தோம். அத்தை மஞ்சளை இரண்டு மடங்காக்கினாள். இந்த முறை என் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன.

அந்தக் காலத்துப் படத் தட்டுகளுக்கு மஞ்சள் என்றால் கறுப்பு, நீலம் என்றால் வெள்ளை. தட்டு வந்த பெட்டியின் மேலேயே ஆங்கிலத்தில் அதை அச்சடித்திருந்தார்கள். அண்ணன் அதை எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் என் கதை முடிந்துவிட்டது. கருவிப்படி எடுத்த படம், அதில் பிழை இருக்க வழியில்லை என்று சொல்லி இரண்டாவது படத்தை அவரே தபாலில் சேர்த்தார்.

இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். தாயாரும் மகனும் நேரிலேயே வந்தார்கள். மகன் பிடிவாதம் பிடித்தாராம், பொண்ணை ஒரு தடவை பார்த்தே தீரவேண்டும் என்று. அதைக் கேட்டு எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காப்பித் தட்டோடு போய் நின்றேன். தாயார் என்னைப் பார்த்தார், மடியிலிருந்த படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"அட, இம்புட்டு கறுப்பு இல்லியே! பவுடரா?"

எழுந்து வந்து சேலைத் தலைப்பால் என் கன்னத்தை அழுத்தித் துடைத்தார். தலைப்பைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"படம் பொய்யா, மொகம் பொய்யா தம்பி?"

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "படம் பொய்யில்லம்மா, அளந்து எடுத்தது. நெறத்த அளக்கிறதுக்குன்னே கருவி செஞ்சு வச்சிருக்கேன்" என்று சக்கரத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அந்த அம்மாள் அதைக் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் கன்னத்தில் வைத்தார்.

"இதுல இவ எந்தக் கட்டம்?"

நான் அவர் மகனைப் பார்த்தேன். ஒரு சிரிப்பு போதும், எல்லாம் விளையாட்டாகிவிடும். அவர் சிரிக்கத்தான் போகிறார் என்று நம்பினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். தாயாரின் கையிலிருந்த சக்கரத்தைப் பிடித்து நேராக்கினார்.

"நெழல்ல தெரியாதும்மா. கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கமா திருப்பிப் பாருங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் குரல் நன்றாகவே வந்தது.

"எதுக்கும்மா சிரமம்? படத்துல இருக்கிறதுதான் என் நெறம். இன்னிக்கு வெளிச்சம் ஒரு மாதிரியா இருக்கு, அதான் இப்படித் தெரியுது. வேணும்னா அண்ணனக் கேளுங்க."

கருவியை நம்புகிற ஓர் ஆத்மா வீட்டிலேயே இருக்கிறது என்று கண்ட அண்ணனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அதத்தானேம்மா நானும் சொல்றேன்! இந்தக் கருவி பொய்யே சொல்லாதுலா!"

அவர்கள் காப்பியைக் குடித்து முடிக்காமலே புறப்பட்டார்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "ஒந்தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிட்டியேடி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். நான் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த ஆளுக்காக அழவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அன்று அவருக்காகத்தான் அழுதேன்.

மறுநாள் துணி துவைக்கிற நாள். கடைசி அலசலுக்கு நீலம் போடவேண்டும். டின்னைத் திறந்தால் காலி, எல்லாம் சக்கரத்துக்குப் போயிருந்தது. ஆணியிலிருந்து சக்கரத்தைக் கழற்றித் தொட்டியில் போட்டு ஊறவைத்தேன். கட்டம் கட்டமாகக் கரைந்தது.

சாயங்காலம் அண்ணன் கொடியில் கிடந்த வேட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"என்னமா வெளுத்திருக்கு! எவ்வளவு நீலம் போட்டே?"

"எட்டாவது கட்டம்ணே" என்றேன்.