பேச்சியம்மாளுக்காகச் சொன்ன ‘உள்ளேன்’

சங்கரன்கோவிலில் எங்கள் ஒன்பதாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே விசைத்தறிகள் காலையிலிருந்தே ‘சடக் சடக்’ என்று அடித்துக்கொண்டிருக்கும். பள்ளி திறந்த முதல் வாரம் காது வலிக்கும், அப்புறம் அது ஓடுவதே தெரியாது, கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்ப்போம். அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் டீச்சர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார், நாங்களும் ‘உள்ளேன் டீச்சர்’ என்று கத்துவோம்.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்தபோது என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளை, அம்மாவுக்கு முதுகு முடியவில்லை என்று, தறி நாடாவில் வைக்கும் குச்சிகளில் நூல் ஏற்றும் ‘தார்’ சுற்றுகிற வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய தம்பி வழக்கம்போல் பையைத் தூக்கிக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போனான். வீட்டில் ஒரு பிள்ளை படிப்பை நிறுத்த வேண்டுமென்றால் அது பெண்ணாகத்தான் இருக்கும் என்பதில் எங்கள் யாருக்கும் ஆச்சரியம் இருந்ததாக நினைவில்லை.

டீச்சர் நல்லவர். அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு என்னை மேஜைக்கு அருகில் கூப்பிட்டு, “பேரை அடிச்சிட்டா பிறகு அவளச் சேக்குதது பெரிய பாடுட்டி. அவ வார வரைக்கும் அவளுக்கும் சேத்து நீயே சொல்லிரு” என்றார். மறுநாளிலிருந்து என் பெயருக்கு ஒருமுறையும், இரண்டு பெயர் தள்ளி, தொண்டையைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு பேச்சிக்கு ஒருமுறையும் சொன்னேன். முதல் நாள் வகுப்பே சிரித்தது. ஒரு வாரத்தில் யாரும் சிரிக்கவில்லை, மாதக்கடைசியில் நான் சொல்வது எனக்கே கேட்கவில்லை.

தை மாதம் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். நெடுநாளாக வராத பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எழுதிக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பெற்றவர்களிடம் பேசித் திரும்ப அழைத்து வருவது அவர்கள் வேலை. எங்கள் வகுப்பில் ஒரே ஒரு பெயர்தான் கிடைத்தது, எங்கள் சமூகத்தார் மட்டும் இருக்கும் மேலத்தெருவின் செல்வி. பேச்சியின் பெயருக்கு நேராக ஒரு நாள் விடாமல் வருகை போட்டிருந்ததால் அவர்கள் அதைத் தாண்டிப் போனார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன். அன்று காலையும் நான் ‘உள்ளேன்’ சொல்லியிருந்தேன். இப்போது வாயைத் திறந்தால் டீச்சருக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தப் பயம்கூட ஒரு நிமிடம்தான். அப்புறம் மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.

அடுத்த வாரமே செல்வி புது நோட்டுகளோடு வந்து பேச்சியின் இடத்தில் உட்கார்ந்தாள். பத்தாம் வகுப்புப் பதிவேட்டில் பேச்சியின் பெயர் இல்லை.

இப்போது எந்த வகுப்பிலும் யாரும் பதிவேட்டைப் புரட்டுவதில்லை. போனில் விரலால் தொட்டால் வருகை ஏறிவிடுகிறது, பிள்ளைகள் வாய் திறக்க வேண்டியதே இல்லை. நான் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, படிப்பை நிறுத்தியவர்கள் ஆணா, பெண்ணா, எந்தச் சமூகம் என்று கட்டம் கட்டமாக நிரப்புகிறேன். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை.

போன மாதம் பஸ் நிலையத்தில், பனவடலிசத்திரம் பஸ்ஸுக்காக நின்ற பேச்சியம்மாளைப் பார்த்தேன். என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டாள், சொன்னேன்.

“அன்னைக்குப் பேரெழுதுன தாளோட எங்க தெருவுக்கும் வந்தாங்கல்லா ரெண்டு பேரு, நான் எங்க வாசல்ல நிண்ணேன்ட்டி. எம்பேரு இருக்கான்னு கேட்டேன், இல்லம்மான்னுட்டுப் போய்ட்டாங்க. மேலத்தெருப் பிள்ளைன்னா எழுதுவாங்க, நம்ம ஆளுக பேர யாரு எழுதுவான்னு எங்கம்மா சாகுத வரைக்கும் சொல்லுவா. எனக்கும் அப்படித்தான் தோணுது.”

பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“அப்படித்தான் இருக்கும் பேச்சி” என்றேன்.